புளிக்க வைத்த சோடா ரொட்டி

பதினெட்டு வயதில் எனக்குச் சமையலில் தெரியாதது ஒன்றும் கிடையாது. இதை நானே சொல்லிக்கொள்கிறேனே என்று நினைக்க வேண்டாம். அப்போதும் நான்தான் சொல்லிக்கொண்டேன். எங்கள் வீட்டு இட்லியைச் சாப்பிடத் தென்காசி ரதவீதியில் பாதிப்பேர் காரணம் கண்டுபிடித்துக்கொண்டு வருவார்கள். அந்த மாவு என் கை ஆட்டிய மாவு. அந்தத் திமிர் எனக்கு நிறைய இருந்தது.

யுத்தம் தொடங்குவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்னால், தென்காசியில் பெண்களுக்கான ட்ரெயினிங் பள்ளிக்கூடம் ஒன்றில் நான் டீச்சர் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். வேலைக்குப் போவதற்காக இல்லை. ஆவணியில் எனக்குக் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. அதுவரைக்கும் பெண் வீட்டில் சும்மா இருந்தால் வாய் நீண்டுவிடும் என்று அப்பா சேர்த்துவிட்டார். படித்ததில் வாய் குறைந்ததா என்பதை இதைப் படிக்கிறவர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் கடையத்துப் பெண். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். பதினோரு வயதில் கட்டிக்கொடுத்தார்கள், பதின்மூன்றில் புருஷன் போய்விட்டான். அவள் அவனை மொத்தம் நாலு தடவை பார்த்திருக்கிறாள், அதில் ஒன்று கல்யாணத்தன்று. அதற்கப்புறம் வெள்ளைச் சேலையும் அண்ணன் வீட்டு அடுப்படியும்தான். அண்ணி ஐந்து பிள்ளை பெற்றாள். ஐந்தையும் இடுப்பில் சுமந்தது இவள். எப்படியோ கெஞ்சிக் கூத்தாடி, இரண்டு வருஷம் கெடு வாங்கிக்கொண்டு படிக்க வந்துவிட்டாள்.

அந்தக் கெடு முடிகிற சமயம் அது. இலஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளுக்கு டீச்சர் வேலையும் தங்க ஓர் அறையும் தருவதாக மானேஜர் சொல்லியிருந்தார். தேறிவிட்டாள் என்று ஒரு சீட்டுக் கொண்டுவந்தால் போதும், மறுநாளே சேர்ந்துகொள்ளலாம். தேறாவிட்டால் அண்ணன் வந்து கடையத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். இன்னொரு தடவை எழுதிப் பார்க்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பாடங்களில் எல்லாம் அவள் தேறிவிட்டாள். மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று, குற்றாலத்தில் ஐந்து நாள் கேம்ப்.

டீச்சருக்கு எதற்குக் கேம்ப் என்று என்னைக் கேட்காதீர்கள். மேலிடத்து உத்தரவு. வருங்காலத்தில் சிறுமிகளை அணிவகுத்து நடத்திக் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போகப்போகிறோமாம். அதற்கு நாங்கள் முதலில் கூடாரத்தில் படுக்கவும், முடிச்சுப் போடவும், வெட்டவெளியில் சமைக்கவும் தெரிந்துகொள்ள வேண்டுமாம்.

ஆனிக் கடைசி, சாரல் பிடித்துக்கொண்ட நேரம். ஒரு மாந்தோப்புக்குள் எங்களுக்குக் கூடாரம் அடித்திருந்தார்கள். கூடாரத்துணியை உள்ளிருந்து விரலால் தொட்டால் தொட்ட இடத்தில் ஒழுகும் என்று முதல் நாளே எச்சரித்தார்கள். சொல்லாமல் இருந்திருந்தால் யாரும் தொட்டிருக்க மாட்டோம். சொன்ன பிறகு இருபத்திரண்டு பேரும் ஆளுக்கொரு இடத்தில் தொட்டுப் பார்த்துவிட்டு, ஐந்து நாளும் பாத்திரம் வைத்துக்கொண்டு படுத்தோம். கொடியில் போட்ட சேலை காய்வதற்குப் பதிலாகக் கூடுதலாக நனைந்தது. விறகு பற்றவே இல்லை. அதனால் இரண்டு பேருக்கு ஒன்றாகப் பம்ப் ஸ்டவ் கொடுத்திருந்தார்கள்.

எங்கள் வீட்டில் எல்லாம் விறகடுப்புதான். பித்தளை வயிறும் மூன்று காலுமாக நின்ற அந்த ஸ்டவ்வைக் கண்டாலே எனக்குப் பயம். கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்தி, சூடேறினதும் பம்ப் அடித்தால் உஸ்ஸென்று சீறிக்கொண்டு நீலமாய் எரியும். நான் கூடாரத்துக் கம்பத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு யோசனை மட்டும் சொல்வேன். கடையத்துக்காரி ஒன்றும் பேசாமல் அதைக் கழற்றிப் பார்த்தாள், துடைத்தாள், திரும்ப மாட்டினாள். இரண்டாம் நாளே ஸ்டவ் அவள் சொன்னபடி கேட்டது.

கடைசி நாள் காலை எட்டு மணிக்குச் சமையல் பரீட்சை. இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா வந்து பார்த்து மார்க் போடுவார்கள். ஜோடியில் ஒருத்தி ரொட்டி சுட வேண்டும், மற்றவள் தொட்டுக்கொள்ள ஏதாவது செய்ய வேண்டும். மார்க் ஆளுக்குத் தனி. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் ரொட்டி அவளுக்கு, துவையல் எனக்கு. எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. துவையலுக்கு நான் எதற்கு?

ரொட்டி என்றால் எங்களுக்கு அப்போது கடையில் வாங்கிக் காய்ச்சல்காரனுக்குப் பாலில் தோய்த்துக் கொடுக்கும் சமாசாரம். கோதுமை என்றால் அல்வா. இந்த இரண்டுக்கும் உறவு உண்டு என்பதே கேம்ப்பில்தான் தெரிந்தது. முந்தின நாள் மத்தியானம் கேம்ப்பின் தலைமை அம்மா ஜோடிக்கு ஒரு படி கோதுமை மாவு, பொட்டலத்தில் ஆப்ப சோடா, உப்பு, ஒரு செம்பு புளித்த மோர் எல்லாம் அளந்து கொடுத்தார்கள். கூடவே செய்முறை எழுதின தாள். மாவு, சோடா, உப்பு மூன்றையும் சலித்துக் கலக்கவும். மோர் விட்டுப் பிசையவும். பிசைந்த உடனே கனத்த சட்டியில் இட்டு, மூடி, தணிந்த தீயில் இருபுறமும் சுடவும். ‘உடனே’ என்ற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடு.

எனக்குச் சிரிப்பு வந்தது. மாவைப் பிசைந்து உடனே சுடுவதா? எங்கள் வீட்டில் ஆட்டின மாவை அன்றைக்கே ஊற்றினால் ஆட்டினவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இட்லி, தோசை, ஆப்பம் எதுவானாலும் ராத்திரி முழுக்க இருந்து பொங்கினால்தான் அது மாவு.

“ஏட்டி, இத நம்பாத. சாயந்தரமே பெசஞ்சு வச்சிருவோம். காலையில பாரு, பூ மாதிரி இருக்கும்” என்றேன்.

“உடனேன்னு கோடு போட்டுல்லா எழுதியிருக்காவ?”

“அது எவளோ வெள்ளக்காரி எழுதுனதப் பாத்து எழுதுனது. அவளுவளுக்குப் பொறுமை ஏது? இட்லிக்கு ஆட்டிப் பாத்திருப்பாளுவளா?”

“இல்லட்டி. தாளுல உள்ளபடியே செஞ்சிருதேன்” என்று சொல்லிவிட்டு, அதை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. நன்மை சொன்னால் கேட்க வேண்டாமா? இவள் வாழ்க்கையே இந்த ரொட்டியில் தொங்குகிறது. இவளோ யாரோ எழுதின தாளை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இவளைக் காப்பாற்ற என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

சாயந்தரம் ஜோடிக்கு ஒருத்தியாக, அவளையும் சேர்த்து, அருவிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். குரங்கு வராமல் கூடாரத்தைப் பார்த்துக்கொள்ளும் முறை என்னுடையது. அவள் தலை மறைந்ததும் மாவை எடுத்தேன். மாவு, சோடா, உப்பு, மோர் எதையும் மிச்சம் வைக்கவில்லை. நான் எந்தக் காரியத்தையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. மோர் விட்டுக் கை வைத்ததுமே மாவு மெல்லச் சலசலத்துப் பொங்கியது. அடேயப்பா, இப்போதே இப்படி என்றால் காலையில் என்ன ஆகும் என்று பூரித்துப்போனேன். பொங்கி வழிந்துவிடக் கூடாதே என்று பெரிய தூக்குச் சட்டியாகப் பார்த்து இட்டு, ஈரத்துணி கட்டி, என் டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் வைத்தேன். அவளிடம் மூச்சு விடவில்லை. காலையில் அசந்துபோகட்டும்.

காலையில் அசந்துபோனது உண்மைதான்.

துணியை அவிழ்த்துச் சட்டியை அவள் முன்னால் வைத்தேன். நேற்று எவ்வளவு வைத்தேனோ அதைவிடக் கொஞ்சம் கம்மியாக அடியில் கிடந்தது மாவு. பழுப்பாகி, மேலே தோல் கட்டி, சவுக்காரம் போல் ஒரு வாடை. சாரல் குளிரில் இட்லி மாவே பொங்காது என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. சோடா என்பது மோரைக் கண்ட நிமிஷமே தன் வேலையை முடித்துவிட்டுப் போய்விடும், விடியும்வரை காத்திருக்காது என்பது இன்னும் பிறகுதான் தெரிந்தது.

அவள் சட்டியைப் பார்த்தாள். பிறகு காலியாகக் கிடந்த சோடாப் பொட்டலத்தைப் பார்த்தாள். கத்துவாள், நாலு அறை கொடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ஒனக்கு நல்லதுன்னுதாம்ட்டி செஞ்சேன்” என்றேன்.

“எனக்கு நல்லதுன்னு சொல்லித்தான் பதினோரு வயசுல கெட்டிக் குடுத்தாவ. நல்லதுன்னு சொல்லித்தான் அண்ணன் வீட்டுல கொண்டு வச்சாவ. ஒருத்தரும் என்னைய ஒரு வார்த்தை கேக்கல. நீயாவது கேட்டிருக்கலாம்லா” என்றாள்.

குரலை உயர்த்தவே இல்லை. எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. என்னை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

வேறு மாவுக்கு வழியில்லை. மற்ற ஜோடிகளுக்கும் அளந்து கொடுத்ததுதான். அவள் ஸ்டவ்வைப் பற்றவைத்து, அந்த மாவையே தட்டிச் சட்டியில் இட்டு மூடினாள். வெந்தது. ஆனால் உயரவில்லை. வெளியே எடுத்து வைத்தபோது தட்டு ‘ணங்’ என்றது. ஓரத்தில் பிய்த்து வைத்த துண்டை ஒரு குரங்கு வந்து எடுத்தது. ஒரு கடி கடித்தது. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டுப் போயிற்று. குற்றாலத்துக் குரங்கு எதையாவது வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா மூக்குக்கண்ணாடியும் கைக்கடிகாரமும் குடையுமாக வந்தார்கள். முதலில் என் துவையலைத் தொட்டு நாக்கில் வைத்துத் தலையாட்டினார்கள். பிறகு ரொட்டியைப் பிட்கப் பார்த்தார்கள். வரவில்லை. கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்கள். விரல்தான் சிவந்தது.

“இதை எப்போது பிசைந்தீர்கள்?”

அவள் கை முந்தானை முடிச்சுக்குப் போயிற்று.

“தாளில் என்ன எழுதியிருந்தது, படித்தீர்களா?”

படித்தேன் என்று தலையசைத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் ஒப்பித்தாள். ‘உடனே’ என்ற இடத்தில் குரல் கொஞ்சம் தடுக்கிற்று.

“தெரிந்துமா இப்படி?”

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என் பக்கம் கண்ணைத் திருப்பவில்லை. ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும், அந்த அம்மா கண்டுபிடித்திருப்பார்கள். அதனால்தான் பார்க்கவில்லை.

நான் உடனே முன்னால் வந்து உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. வாயைத் திறந்தால் என் மார்க் என்ன ஆகும் என்று யோசித்தேன். சமையலில் நானா தோற்பது, ரதவீதியில் என்ன சொல்வார்கள் என்று யோசித்தேன். எனக்குச் சர்டிபிகேட் எதற்கும் உதவப்போவதில்லை, அவளுக்கு அது இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை. அது நன்றாகத் தெரிந்தும் யோசித்தேன். இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா பென்சிலை எடுத்து அவள் பேருக்கு நேரே கொண்டுபோகிற வரைக்கும் யோசித்தேன். அந்த அரை நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

“நான்தான் பெசஞ்சேன், அம்மா. நேத்து சாயந்தரமே. அவளுக்குத் தெரியாது.”

பென்சில் நின்றது.

“நீங்களா? ஏன்?”

“புளிக்கட்டும்னு.”

கூடாரத்துக்குக் கூடாரம் சிரிப்பு கிளம்பியது. இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. “ஒவ்வொரு கேம்ப்பிலும் ஒருத்தி இதைச் செய்கிறாள். எங்கே போனாலும் நன்றாக இட்லி செய்கிறவளாகத்தான் இருப்பாள்” என்றார்கள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

பிறகு தலைமை அம்மாவிடம் சொல்லி அவளுக்குப் புதிதாக மாவும் சோடாவும் மோரும் கொடுக்கச் சொன்னார்கள். நேரம் அரை மணி. அடுத்தவள் வேலையில் அவளுக்குத் தெரியாமல் கை வைத்ததற்காக எனக்குக் கேம்ப் மார்க் கிடையாது. அவள் செய்து முடிக்கும்வரை நான் எழுந்திருக்கவும் கூடாது, பேசவும் கூடாது. மார்க் போனதுகூடப் பரவாயில்லை. பேசக் கூடாது என்றதுதான் தண்டனை.

அவள் கையைக் கழுவினாள். மாவையும் சோடாவையும் உப்பையும் மூன்று தடவை சலித்தாள். எனக்கு ஒரு தடவை போதும் என்று தோன்றியது. முதலில் ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சட்டியைக் காயவைத்துவிட்டு, அப்புறம்தான் மோரை விட்டாள். மாவு பொங்கி எழுகிறபோதே, நான் பிசைந்ததில் கால்வாசிகூடப் பிசையாமல், உருட்டித் தட்டி, மேலே கத்தியால் குறுக்கும் நெடுக்கும் ஒரு கீறல் போட்டுச் சட்டியில் இட்டு மூடிவிட்டாள். இதெல்லாம் ஒரு பிசைதலா என்று வாய்வரைக்கும் வந்தது. முந்தானையை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டேன்.

கால்மணி போயிருக்கும். ஸ்டவ்வின் சீறல் குறைந்தது. நீலம் மஞ்சளாகி, தீ ஒரு பக்கமாகச் சாய்ந்தது. துவாரத்தில் தூசி அடைத்துக்கொண்டுவிட்டது. எனக்கு உயிரே இல்லை. பம்ப் அடி, பம்ப் அடி என்று உள்ளுக்குள் கதறினேன். அவள் அடிக்கவில்லை. சட்டியை மூடியோடு இறக்கி வைத்தாள். காற்றுத் திருகைத் திறந்து தீயை அணைத்தாள். ஊசியை எடுத்துத் துவாரத்தைக் குத்திவிட்டுத் திரும்பப் பற்றவைத்தாள். ஐந்து நாளாக நான் கம்பத்துக்குப் பின்னால் நின்று யோசனை சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டிருந்தாள். நான் நினைத்த மாதிரி பம்ப் அடித்திருந்தால் ஸ்டவ் வெடித்துத் தோப்பே எரிந்திருக்கும் என்று பிறகு சொன்னாள். என்னைக் கேலி செய்யத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

மறுபக்கம் திருப்பிப் போட்டு, ஐந்து நிமிஷம் கழித்து மூடியைத் திறந்தாள். கீறின இடத்தில் நாலாகப் பிளந்து, மேலே செம்புள்ளி விழுந்து, இரண்டு விரல் உயரத்துக்கு எழும்பியிருந்தது ரொட்டி. வெந்த கோதுமையும் மோரும் கலந்த வாசனை அந்த ஈரத்தில் தோப்பு முழுக்கப் பரவியது. இன்ஸ்பெக்ட்ரஸ் அம்மா பிட்டார்கள். ஆவி வந்தது. நின்றுகொண்டே ஒரு துண்டு முழுவதும் சாப்பிட்டுவிட்டு, கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ஒரு சீட்டுக் கிழித்து ‘தேறினாள்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அவளிடமே கொடுத்தார்கள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்காகப் பாதி, எனக்காகப் பாதி. அந்தச் சர்டிபிகேட்டை நான் கடைசிவரை வாங்கவே இல்லை. ஆவணியில் கல்யாணமாகிவிட்டது. அழுதுகொண்டிருந்த என் பக்கத்தில் அவள் வந்து உட்கார்ந்து, ரொட்டியில் ஒரு துண்டைத் துவையலில் தொட்டு என் கையில் வைத்தாள்.

“அழாதட்டி. தொவையல் நல்லாருக்கு” என்றாள்.

மத்தியானம் அவள் அண்ணன் வந்தார். கடையத்திலிருந்து ரயிலில் தென்காசி வந்து, அங்கிருந்து குதிரை வண்டி பிடித்துத் தோப்பு வாசல்வரைக்கும் வந்துவிட்டார். தங்கை தேறியிருப்பாளா என்ற சந்தேகமே அவருக்கு இல்லை. தேறாமல்தான் இருப்பாள் என்று அவ்வளவு நிச்சயம். எங்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அவள் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தார்.

“ஏறு, ஏறு. மழை வலுக்கதுக்குள்ள ரயிலப் பிடிக்கணும். ஒங்க அண்ணி இடுப்பு நோவுன்னு படுத்துக் கெடக்கா. நாலு நாளா வீட்டுல மாவாட்ட ஆளில்ல.”

அவள் சீட்டை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் வாசித்தார். திருப்பி ஒரு தடவை வாசித்தார். மழைத்துளி ஒன்று அதன்மேல் விழுந்ததும், அவள் சட்டென்று அதை அவர் கையிலிருந்து வாங்கி உள்ளே வைத்துக்கொண்டாள்.

“அப்ப வீட்டுல எப்பிடி?” என்றார் அவர். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை.

அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்துகொண்டாள். வண்டிக்காரர் சாட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, “டேசனுக்குத்தானே அண்ணாச்சி?” என்று அண்ணனைக் கேட்டார். அண்ணன் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

“இலஞ்சிக்கு விடுங்க” என்று அவரிடம் சொல்லிவிட்டு, அண்ணன் பக்கம் திரும்பினாள். “மாவாட்ட ஒரு ஆள் வச்சுக்கிடுங்கண்ணே. சம்பளம் குடுத்து.”